பிடிவாதம்: கழித்தல் இரண்டு

வெயிலுமுத்து மடக்கு ஸ்டூலை முடிவுக் கோட்டுக்குப் பின்னால் பதினைந்து தப்படி தள்ளிப் போட்டு உட்கார்ந்து, கேமராவின் மெனுவுக்குள் போய், மூன்றாம் தடவையாக அதே பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். மற்றதெல்லாம் வைத்தாயிற்று. ஓடுகிற ஆளை விடாமல் பின்தொடர்கிற ஃபோகஸ் முறை, வைத்தாயிற்று. ஃபோகஸ் வேலையை ஷட்டர் விரலிடமிருந்து பிடுங்கிக் கட்டைவிரலுக்குக் கொடுப்பது, அதாவது மேலே அமுக்கினால் படம் மட்டும் விழும், பின்பக்கப் பட்டனைக் கட்டைவிரல் அமுக்கிப் பிடித்திருக்கும்வரைதான் லென்ஸ் தேடும், அதுவும் ஆயிற்று. ஃபோகஸ் தேட நடுவில் ஒன்பது புள்ளி. ஷட்டர் ஆயிரத்தில் ஒன்று. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கோடு. இடது ஓரத்தில் கழித்தல் இரண்டு, வலது ஓரத்தில் கூட்டல் இரண்டு, நடுவில் சைபர். குறுக்கே ஏதாவது வந்தால் நான் என்ன செய்ய என்று கேமரா கேட்கிற கோடு. கழித்தல் பக்கம் தள்ளினால் குறுக்கே வந்ததைச் சட்டை செய்யாமல் பழைய ஆளையே பிடித்துக்கொண்டிருக்கும். கூட்டல் பக்கம் தள்ளினால் பழைய ஆளை விட்டுவிட்டுப் புதிதாக வந்ததன்மேல் பாயும். தடை ஓட்டத்தை நேர் எதிரே உட்கார்ந்து எடுக்கிறவனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. எட்டுத் தடை. எட்டும் ஓடுகிறவளுக்கும் லென்ஸுக்கும் நடுவில்தான் நிற்கும். கழித்தல் இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு வைக்க வேண்டியது. ஆனால் கட்டைவிரல் அந்தப் பக்கம் போக மறுத்தது. போகாமல், அந்தச் சின்னச் சக்கரத்தின்மேல் சும்மா கிடந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் மின்கம்பத்துப் பீங்கான் கப்பில் வெட்டிய தழும்போடு, வேறு யாருடைய விரலோ மாதிரிக் கிடந்தது.

மணி பத்தேகால்தான். அதற்குள் மைதானத்துக் கரிசல் சுட ஆரம்பித்துவிட்டது. எண்பது மீட்டருக்கு அந்தப் பக்கம் புறப்படும் இடத்தில் நிற்கிற ஆட்கள் இடுப்புக்குக் கீழே தண்ணீரில் நிற்பது மாதிரி நெளிந்தார்கள். கானல். கானலுக்குள் கேமரா குழம்பும், லென்ஸ் முன்னும் பின்னும் போய் வந்து மூச்சு வாங்கும், அதனால் ஆள் நாலாவது தடையைத் தாண்டி வரும்வரை கட்டைவிரலை வைக்கக் கூடாது. இதெல்லாம் தெரிகிறது. ஒன்றுகூட மறக்கவில்லை, அதுதான் அலுப்பு. மைக்கைப் பிடித்த ஆள், "மாவட்ட மூத்தோர் தடகளம், மூத்தோர் தடகளம், மாத்திரை போட வேண்டியவங்க எல்லாம் போட்டுட்டு வரிசைக்கு வாங்க, ஓடுறப்ப ஞாபகம் வந்தா நாங்க பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். முப்பத்தைந்து வயது தாண்டிய யாரும் ஓடலாம். வங்கி மேலாளர், டீக்கடைக்காரர், மூட்டு வலிக்குத் தைலம் விற்கிறவர், எல்லாரும் அரைக்கால் சட்டையோடு வருஷத்துக்கு ஒரு நாள் வந்து ஓடுவார்கள். பதினாலு வருஷமாக இவர்களை எடுத்தது அவர்தான். போன வருஷம் வரவில்லை. இந்த வருஷமும் வந்திருக்க மாட்டார். ஜெபக்கனி கேட்டுவிட்டாள்.

ஜெபக்கனி அவர் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவள். நாற்பத்தேழு வயது. சைக்கிளில் வந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, மணியடிக்காமல் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள். போன வாரம் தபால் ஒன்றும் இல்லாமலே வந்து நின்றாள். "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை மைதானத்துக்கு வாரீயளா? மூட்டு ஜவ்வு தேஞ்சிட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்தத் தடவையோட தடை தாண்டுறதுக்கு முழுக்குப் போட்டுரணும். எங்க வீட்டுல பூராப் படமும் தபால் பையைத் தூக்கிட்டு நிக்க படந்தான். தடைக்கு மேல காத்துல நிக்க மாதிரி ஒன்னு, ஒன்னே ஒன்னு எடுத்துத் தாங்க." அவளே குரலை இறக்கி, "அன்னைக்கு எடுத்தீயளே, அது இருந்தாலும் சரிதான். கேக்கக் கூடாது. கேட்டுட்டேன்" என்றாள். பிறகு சைக்கிளை உந்திப் போய்விட்டாள். அன்றைக்கு எடுத்தது இருக்கிறது. இப்போதும் சட்டைப் பையில் இருக்கிறது. காலிப் பெருங்காய டப்பாவுக்குள், பஞ்சு வைத்து, நகத்தளவு மெமரி அட்டை. இரண்டு வருஷமாக எங்கே போனாலும் கூடவே வருகிறது, இரண்டு வருஷமாக அதைத் திறந்து பார்த்ததில்லை. குனிந்தால் பெருங்காய வாசம் வருகிறது. மனைவியின் கை வாசம் என்று சொல்லலாம். சொல்ல வேண்டாம், எல்லார் வீட்டிலும் பெருங்காயம் இருக்கிறது.

கழித்தல் இரண்டு. அந்தக் கோட்டுக்குப் பிடிவாதம் என்று பேர் வைத்தவள் மனைவி ஆவுடைத்தங்கம்தான். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவருக்கு முப்பத்தெட்டு வயதில் கேமராப் பித்து பிடித்தது. சொல்லித்தர ஆள் கிடையாது. இந்தக் கேமராவோடு வந்த புத்தகம் நானூறு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். அவள் பிளஸ் டூ வரை படித்தவள். மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையனின் பழைய அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தமிழில் எழுதினாள். நீல அட்டை நோட்டு, இரண்டு. ஒன்பது புள்ளி என்ற இடத்தில் 'சின்னக் கோலம்' என்று எழுதியிருப்பாள். ஓடுகிறதைப் பின்தொடர்கிற முறைக்கு 'கன்றுக்குட்டி'. "ஏன் கன்னுக்குட்டி?" என்று கேட்டதற்கு, "பசு எங்க போனாலும் பின்னாலயே போகும்லா, அதான். நீங்க புரிஞ்சா சரி, இதைப் பரீட்சையிலயா எழுதப் போறீய?" என்றாள். படிக்கப் படிக்க அவருக்குப் புரிந்தது. கம்பத்தில் ஏறுகிறவன் கீழே பெட்டியில் கரண்டை நிறுத்தியவன்மேல் வைக்கிற நம்பிக்கை மாதிரிதான், கேமராவைப் பார்க்க வேண்டாம், அவள் எழுதினதை நம்பினால் போதும். அந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடம். 'பிடிவாதம். ஓட்டத்துக்குக் கழித்தல் இரண்டு. குறுக்கே வந்தவர் தானே போய்விடுவார். ஓடுகிறவரை விடக் கூடாது.' பேனா மை தீர்ந்து, 'கூடாது' மட்டும் பென்சிலில். குறுக்கே வந்தவர் தானே போய்விடுவார். இந்த இடத்தில்தான் கட்டைவிரல் நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் இந்த வரிவரை சரியாக வந்து, இதில் வந்து இடறுகிறது, தறியில் ஒரே இடத்தில் நூல் அறுவது மாதிரி.

தடைகளைக் கொண்டுவந்து போடுகிறார்கள். மரத்தடை, கறுப்பும் வெள்ளையும் அடித்தது, ஆசாரி செய்து கொடுத்தது. ஒன்று ஆடுகிறது, கல் வைக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கும் இதே தடைகள்தான். இதே இடம், ஸ்டூல் ஒரு சாண் இடது பக்கம் இருந்திருக்கலாம். ஆவுடைத்தங்கம் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். வேப்பமரத்தடியில் இருந்தாள். இடது பக்கமாக வந்து பக்கத்தில் நின்று, "ஏங்க, ஒரு மாதிரி வருது" என்றாள். இல்லை, "ஒரு மாதிரி இருக்கு" என்றாளா? வருது என்றால் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், இருக்கு என்றால் ஏற்கெனவே வந்துவிட்டது. இதை அவர் இரண்டு வருஷமாக முடிவு பண்ணப் பார்க்கிறார். ஓட்டத்துக்கு வெடி போட்டுவிட்டார்கள். கண் லென்ஸில். இடது கையை லென்ஸிலிருந்து எடுக்கக்கூட இல்லை, ரெண்டு விரலை மட்டும் தூக்கி, "ஒரு நிமிஷம்" என்றார். எண்பது மீட்டர் ஓட ஒரு நிமிஷம்கூட ஆகாது, பதினைந்து விநாடி. அவள் நின்றாள். பிறகு தண்ணீர்த் தொட்டி வலது பக்கம் இருந்ததால் அந்தப் பக்கம் போனாள். அவருக்குப் பின்னால் கயிறு கட்டியிருந்தது, அதனால் முன்னால்தான் போக முடியும். கண்ணாடிக்குள் ஏதோ அரக்காக ஒன்று கலங்கிப் போனது ஞாபகம். கேமரா அசையவில்லை. ஜெபக்கனியின் முகத்தைக் கவ்வின மாதிரியே பிடித்திருந்தது. கடைசித் தடைவரைக்கும். அவர் கட்டைவிரலுக்குக் கீழே அந்த லென்ஸின் முனகல் சீராக, ஒரு தட்டுத் தடுமாற்றம் இல்லாமல் ஓடியது, எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது வாய் கசக்கிறது. திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், தண்ணீர் டம்ளரோடு. முகம் வேர்த்திருந்தது. வெயில், எல்லார் முகமும்தான் வேர்த்திருந்தது. "முடிஞ்சுதா?" என்றாள். போய்க் கேமராத் திரையைக் காட்டினார். கூசுகிற வெயிலில் கையை மறைத்து வைத்து, "பாரு, விட்டுச்சா பாரு" என்றார். "படத்துல நான் வந்துட்டேனா?" என்று கேட்டாள். "நீயா? கேமரா உன்னைக் கண்டுக்கவே இல்ல" என்றார். சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னார். அவளும் சிரித்து, "நோட்டுல எழுதுனது சரிதான அப்ப?" என்றாள். அதற்குப் பிறகு டம்ளர் கீழே விழுந்த சத்தம். அதற்குப் பிறகு ஆட்டோ, ஆஸ்பத்திரி வராந்தா, பச்சைத் திரை. அதையெல்லாம் நினைக்கலாம், அது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. நினைக்க முடியாதது அந்தப் படங்கள். ஏனென்றால் அந்தப் படங்களில் எங்கேயோ அவள் முகம் இருக்கும். கலங்கலாக, ஃபோகஸ் இல்லாமல், அவரைப் பார்த்துக்கொண்டு. ஒரு மாதிரி வருது என்கிற முகம். அல்லது இருக்கு என்கிற முகம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் எதுவென்று தெரிந்துவிடும்.

"பெண்கள், நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல, எண்பது மீட்டர் தடை ஓட்டம். நாலே பேருதான், மெடல் மூணு இருக்கு, பயப்படாம ஓடுங்க." ஜெபக்கனி மூன்றாவது தடத்தில் நின்று அவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். முழங்காலில் உறை. அவர் கையை ஆட்டினாரா என்று அவருக்கே தெரியவில்லை. வை. கழித்தல் இரண்டு வை. அவளுக்கு இதுதான் கடைசி, உனக்கு என்ன வந்தது, ஒரு எண். கேமராவுக்கு யார் செத்தது தெரியுமா? குறுக்கே வந்தவர் தானே போய்விடுவார். போய்விட்டாளே. எழுதி வைத்த மாதிரியே. அவர் சக்கரத்தை ஒரு பல் உருட்டினார். எந்தப் பக்கம் உருட்டுகிறோம் என்று பார்த்துக்கொண்டேதான் உருட்டினார். கூட்டல் ஒன்று. இன்னொரு பல். கூட்டல் இரண்டு. இன்றைக்கு யார் குறுக்கே வந்தாலும் கேமரா பார்க்கட்டும். யாரும் வரப்போவதில்லை, வந்தாலும் பார்க்கட்டும். வெடி வெடித்தது. காக்கைகள் எழும்பின. கானலுக்குள்ளிருந்து நாலு பேரும் தண்ணீரை உதறிக்கொண்டு வருகிறவர்கள் மாதிரி வந்தார்கள். நாலாவது தடை. கட்டைவிரல் அமுங்கியது. லென்ஸ் அவளைப் பிடித்தது, விட்டது, பிடித்தது. முனகல் விக்கல் எடுத்த மாதிரி. தடைக்குப் பின்னால் அவள் வரும்போதெல்லாம் கண்ணாடிக்குள் அவள் கரைந்தாள், கட்டை கூர்மையாக எழுந்தது, கறுப்பு வெள்ளைப் பட்டை, உரிந்த பெயின்ட், ஆணித் தலை. அவர் விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார். இதுதான் நடக்கும் என்று தெரிந்தும் அமுக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவதாக வந்தாள். இடுப்பில் கை வைத்து, நொண்டிக்கொண்டு, மூச்சு வாங்க நேரே ஸ்டூலுக்குத்தான் வந்தாள். "காட்டுங்க அண்ணாச்சி." அவர் காட்டினார். வேறு என்ன செய்ய. அவள் பொத்தானை அமுக்கி அமுக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு குறைந்தது. "தடையெல்லாம் ஜோரா விழுந்திருக்கு. ஆசாரிகிட்டக் குடுத்தா சட்டம் போட்டு மாட்டிக்கிடுவாரு" என்றாள். பிறகு, "பின்னால மசமசன்னு தெரியுறது நாந்தானா?" என்றாள். கோபமில்லை. கோபப்பட்டிருக்கலாம். தரையில் உட்கார்ந்து முழங்கால் உறையைக் கழற்ற ஆரம்பித்தாள், அதற்குள் வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தைப் பார்த்ததும்தான் அவருக்கு உறைத்தது. தன்னுடைய ஒரு எண்ணுக்காக இன்னொருத்தி எட்டுத் தடை தாண்டியதை வீணாக்கிவிட்டோம். இவள் கேட்டது ஒரே ஒரு படம்தான். அவர் பெருங்காய டப்பாவை எடுத்தார். மூடி இறுகியிருந்தது, பல்லால் திறந்தார். கேமராவின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, இன்றைய அட்டையை எடுத்துவிட்டு, அதைச் செருகினார். "அன்னைக்கு எடுத்தது. நீயே பாத்துக்கிடு" என்று கேமராவை அவள் மடியில் வைத்துவிட்டு, வேப்பமரத்தைப் பார்த்தார். மரத்தடியில் தைலம் விற்கிறவர் யாருக்கோ கெண்டைக்கால் நீவிக்கொண்டிருந்தார். பொத்தான் அமுங்குகிற சத்தம் கேட்டது. டிக். டிக். "யய்யா" என்றாள் ஜெபக்கனி. "என்னமா நிக்கேன் காத்துல! ரெண்டு காலும் தரையில இல்ல அண்ணாச்சி." டிக். டிக். பிறகு சத்தம் நின்றது. அவர் தைலக்காரரின் கையையே பார்த்தார். மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. இப்போது அந்த முகத்துக்கு வந்திருப்பாள்.

"அண்ணாச்சி, இது மதினி சேலைல்லா? அரக்குக் கலரு." அவர் தலையாட்டினார். "மதினி குனிஞ்சுல்லா போறாக" என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பார்த்தார். முதல் படத்தில் இடது ஓரத்தில் கலங்கலாக, உயரமாக, அரக்கு நிறம் ஒரு தூண் மாதிரி நின்றது, தலை படத்துக்கு வெளியே. அடுத்ததில் அந்தத் தூண் பாதியாக மடிந்திருந்தது. அதற்கடுத்த ஐந்து படத்திலும் அது கீழ் ஓரத்தை ஒட்டியே போனது. ஒரு வளைந்த முதுகு, ஒரு கொண்டை, கொண்டையில் வெள்ளையாகப் பூ. தலை மேலே தூக்கவே இல்லை. ஜெபக்கனியின் கால் விரலுக்குக் கீழேயே, ஒரு விரற்கடை இடம் விட்டு, கொடிக்கயிற்றுக்கு அடியில் நுழைந்து போகிறவள் மாதிரிப் போனாள். முகம் இல்லை. ஏழு படத்திலும் முகம் இல்லை. இரண்டு வருஷமாக அவர் பயந்த முகம் அதில் இல்லவே இல்லை, அவள் தரையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். கொட்டகையில் இடைவேளை முடிந்து வரும்போது மற்றவர்களுக்குத் திரை மறைக்கக் கூடாது என்று இப்படித்தான் போவாள். கல்யாண வீட்டில் எவன் கேமராவைத் தூக்கினாலும் இப்படித்தான். நானூறு பக்கம் எழுதினவளுக்குத் தெரியாதா, எந்த உயரத்தில் லென்ஸின் பார்வை போகிறதென்று? ஒரு கை முழங்காலில் ஊன்றியிருந்தது. இன்னொரு கை எங்கே என்று அவர் தேடவில்லை. பிடிவாதம் கழித்தல் இரண்டில் இருந்தது, அதனால் கேமரா விடவில்லை என்று நினைத்திருந்தார். அந்த எண் அன்றைக்கு ஒரு வேலையும் செய்யவில்லை. செய்வதற்கு ஒன்றும் வரவில்லை. ஒன்பது புள்ளியில் ஒரு புள்ளியைக்கூட அவள் மறைக்கவில்லை. சைபரில் வைத்திருந்தாலும் இதே படம்தான். அவளை அது கண்டுகொள்ளாததற்குக் காரணம் கேமரா இல்லை, அவள் குனிந்தது. வெயில் கூசுகிற திரையில், 'படத்துல நான் வந்துட்டேனா?' என்று கேட்டவளுக்குத் தெரிந்திருக்கிறது, இவருக்குத்தான் தெரியவில்லை.

"எனக்கு இது போதும்" என்றாள் ஜெபக்கனி. மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "லேப்ல குடுக்கும்போது கீழ கலங்கலா இருக்குன்னு வெட்டிருவான். வெட்டிராதீய. அப்படியே போடச் சொல்லுங்க, மதினியோட." "சரி" என்றார். அவள் எழுந்து நொண்டி நொண்டி மெடல் வாங்கப் போனாள்.

மைக்கில் ஆண்கள் தடை ஓட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். தடைகளை உயரம் கூட்டி வைத்தார்கள். அவர் அந்த அட்டையை எடுத்து டப்பாவில் வைத்து, மூடி இறுகாமல் லேசாக மூடிச் சட்டைப் பையில் போட்டார். பழையபடி இன்றைய அட்டை. மெனுவுக்குள் போய்க் கோட்டைப் பார்த்தார். கூட்டல் இரண்டிலேயே இருந்தது. மாற்ற வேண்டும். மாற்றலாம், அவசரமில்லை. அலுப்பாக இருந்தது, காலையில் இருந்த அலுப்பு இல்லை, வேலை முடிந்து கம்பத்திலிருந்து இறங்கிய பிறகு வருமே அந்த அலுப்பு. கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்து ஐந்தாவது தடையைப் பார்த்தார். கட்டைவிரல் பட்டனில். அப்போது கண்ணாடிக்குள் ஓரத்தில் ஏதோ வந்து நின்றது. டீக் கேனைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண். வேப்பமரத்துப் பக்கமிருந்து தொட்டிப் பக்கம் போக வேண்டியவள், கேமராவைப் பார்த்துவிட்டாள். கேனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, முதுகை வளைத்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் கேமராவை இறக்கினார்.

"நிமிந்து போம்மா."

அவள் குனிந்தபடியே பார்த்தாள். "போட்டோ கெட்டுரும்லா?"

"கெட்டாக் கெடட்டும். கேன் கனமா இருக்கு, நிமிந்தே போ."

அவள் சந்தேகத்தோடு முதுகை நிமிர்த்தினாள். அவர் மறுபடியும் கேமராவைக் கண்ணில் வைத்தார். தூரத்தில் வெடிக்காரர் கையைத் தூக்கினார். அவள் நிமிர்ந்து, ஒன்பது புள்ளியையும் மறைத்துக்கொண்டு, மெதுவாகக் கடந்து போனாள்.